முப்பது வெள்ளிக்குப் போன சர்வர்

கோலாலம்பூர் செந்தூலில் என் அக்கா வீட்டுக்காரர் ஒரு சின்ன அச்சகம் நடத்துகிறார். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம், பேனர் என்று எல்லாம் வரும். வந்த வேலை எது, டிசைன் முடிந்ததா, வாடிக்கையாளர் ஓகே சொன்னாரா, பாக்கி எவ்வளவு என்பதையெல்லாம் பதிய 2016இல் ஒரு கல்லூரிப் பையன் ரெட்மைன் என்ற மென்பொருளைக் கடைக் கணினியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். ரூபி என்ற நிரல் மொழியில், ரெயில்ஸ் என்ற கட்டமைப்பின் மேல் எழுதப்பட்ட இலவச மென்பொருள். பின்னால் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ். போட்டவன் போனபிறகு யாரும் அதைத் தொடவில்லை. எட்டு வருஷம் ஓடியது. 2024 டிசம்பரில் அந்தக் கணினியின் காற்றாடி, அறுவை மெஷின் மாதிரி சத்தம் போட ஆரம்பித்ததும் மச்சான் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீதான் வெப்சைட்டெல்லாம் செய்றியே, இத வேற இடத்துக்கு மாத்திக் குடேன்."

நான் செய்வது வேர்ட்பிரஸ். ரூபியைத் தொட்டதே இல்லை. ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடிய ஒன்றரை மாதமும், எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,900 வெள்ளியும் (ரிங்கிட்) ஆனது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி போனது ரூபியால் இல்லை, என் அவசரத்தால். யாராவது முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன் என்பதால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

2025 ஜனவரி 18, பொங்கல் முடிந்த சனிக்கிழமை. கடைக்குப் போய்ப் பழைய விண்டோஸ் கணினியில், கட்டளைகளைத் தட்டும் பவர்ஷெல்லைத் திறந்தேன். டேட்டாபேஸ் முழுதையும் எழுத்தாக வெளியே தள்ளும் மைஎஸ்கியூஎல் டம்ப் கமாண்டைக் கொடுத்து, அம்புக்குறி (>) போட்டு, ஒரு கோப்புக்குள் கொட்டினேன். கோப்பு வந்தது. பென்டிரைவில் போட்டுக்கொண்டேன். "எடுத்தாச்சு மச்சான்" என்று சொல்லிவிட்டு, பக்கத்து மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்த "எடுத்தாச்சு"வில் இரண்டு தப்பு இருந்தது. இரண்டும் பிறகுதான் தெரிந்தது.

அன்று ராத்திரியே மாதம் 6 அமெரிக்க டாலருக்கு, அப்போதைய மதிப்பில் ஏறத்தாழ 27 வெள்ளிக்கு, 1 ஜிபி மெமரி உள்ள ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்தேன். உபுண்டு 24.04. அதோடு வரும் ரூபி 3.2. ரெட்மைன் 6.0 அப்போதுதான், 2024 நவம்பரில், வெளிவந்திருந்தது. புள்ளி சுழி (.0) என்று முடியும் புத்தம்புதுப் பதிப்பை நம்பக்கூடாது என்ற அனுபவசாலி நினைப்பில் 5.1ஐ எடுத்தேன். அது ரூபி 3.2ஐ ஏற்கும். இந்தப் பொருத்தத்தை மட்டும் நான் சரியாகப் பார்த்துவிட்டேன். ரெட்மைனின் ஒவ்வொரு பதிப்பும் எந்தெந்த ரூபியோடு ஓடும் என்று அதன் நிறுவல் குறிப்பில் அட்டவணையே இருக்கிறது. 4.2 என்றால் ரூபி 2.7க்கு மேல் போகாது. அதைப் பார்க்காமல் ஆரம்பித்தால் நாள் கணக்கில் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பண்ட்லரை ஓட்டினேன். பண்ட்லர் என்பது ரூபி செயலிக்கு வேண்டிய, ஜெம்கள் எனப்படும் ஆயத்த நிரல் தொகுப்புகளையெல்லாம் இறக்கிக் கட்டும் கருவி. எல்லாம் பச்சையாக முடிந்தது. பிறகு டேட்டாபேஸ் அமைப்புக் கோப்பை எழுதினேன். டேட்டாபேஸ் டேபிள்களைப் புதுப் பதிப்புக்கு ஏற்ப மாற்றும் மைக்ரேஷனை ஓட்டினால், மைஎஸ்கியூஎல் ஜெம் கட்டுக்குள்ளேயே இல்லை என்றது. அரை நாள் தலையைச் சொறிந்த பிறகு புரிந்தது. ரெட்மைன் எந்த டேட்டாபேஸ் ஜெம் வேண்டும் என்பதை அந்த அமைப்புக் கோப்பைப் படித்துத்தான் முடிவு செய்கிறது. கோப்பு இல்லாதபோது பண்ட்லரை ஓட்டினால் டேட்டாபேஸ் ஜெம்மே வராது. ஆகவே முதலில் அமைப்புக் கோப்பு, பிறகுதான் பண்ட்லர். இன்னொரு சின்ன விஷயம்: நான் பாஸ்வேர்டாக வெறும் எண்களைக் கொடுத்திருந்தேன். அந்தக் கோப்பில் மேற்கோள் குறி போடாத எண் எண்ணாகத்தான் படிக்கப்படும், சொல்லாக இல்லை. அதற்கும் ஒரு புரியாத பிழைச்செய்தி வந்தது. மேற்கோளுக்குள் போட்டதும் அடங்கியது.

மறுபடி பண்ட்லர். இந்த முறை மைஎஸ்கியூஎல் ஜெம் சர்வரிலேயே கம்பைல் ஆக வேண்டும், அதற்கான கிளையண்ட் டெவலப்மென்ட் பேக்கேஜ் இல்லை என்று நின்றது. அதைப் போட்டேன். அடுத்த ஓட்டத்தில் பாதியில் "கில்ட்" என்று ஒரே ஒரு சொல், அவ்வளவுதான். காரணம் இல்லை, வரி எண் இல்லை. 1 ஜிபியில் மைஎஸ்கியூஎல் 8 உட்கார்ந்திருக்கும்போது மீதி இடம் போதாமல், லினக்ஸே மெமரியை மீட்க ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்றுவிடும். மெமரி போதாதபோது டிஸ்க்கையே மெமரியாகப் பயன்படுத்த வைக்கும் ஸ்வாப் கோப்பு ஒன்றை 2 ஜிபிக்கு உருவாக்கிக் கொடுத்ததும் வேலை ஓடியது. ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் இரவில் மைஎஸ்கியூஎல்லே கொல்லப்பட்டிருந்தது. கடைசியில் 12 டாலர் கொடுத்து 2 ஜிபிக்குப் போய்விட்டேன். மாதம் 27 வெள்ளி மிச்சம் பிடிக்கப் பார்த்து நான் இழந்த தூக்கத்துக்கு விலை போட்டால் அது பல மடங்கு.

திங்கள், செவ்வாய் இரண்டு இரவும் வேறொரு கூத்து. செயலியைக் கிளப்பினால், லாகர் என்ற பெயரே தெரியாது என்று ரெயில்ஸ் செத்து விழுந்தது. நான் எந்த வரியையும் மாற்றவில்லை. அப்படியே குறிப்பைப் பார்த்துச் செய்ததுதான். லாகை (செயலி எழுதிவைக்கும் நடப்புப் பதிவை) மேலும் கீழும் படித்தேன், ரூபியை அழித்து மறுபடி போட்டேன், சர்வரையே அழித்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதே பிழை. உண்மையில் நடந்தது என்னவென்றால், நான் நிறுவுவதற்குச் சில நாள் முன்புதான், அதே ஜனவரி நடுவில், கன்கரண்ட் ரூபி என்ற ஜெம்மின் 1.3.5 பதிப்பு வந்திருந்தது. அதுவரை அந்த ஜெம் உள்ளே லாகர் நூலகத்தைத் தானே ஏற்றிக்கொண்டிருந்தது. புதுப் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். பழைய ரெயில்ஸ் பதிப்புகள் அந்த ஓசி ஏற்றத்தை நம்பியே பிழைத்துக்கொண்டிருந்தன. ரெட்மைன் 5.1 ரெயில்ஸ் 6.1இல் ஓடுவதால் விழுந்தது. நான் ஒதுக்கிவைத்த 6.0, ரெயில்ஸ் 7.2இல் ஓடுவதால் ஒன்றும் ஆகியிருக்காது. அனுபவசாலி நினைப்புக்கு நல்ல பரிசு. தீர்வு ஒரே வரி: அந்த ஜெம்மை 1.3.4இல் பூட்டுவது. அதை ரெட்மைனின் முதன்மை ஜெம்ஃபைலில் எழுதாமல், ஜெம்ஃபைல் டாட் லோக்கல் என்ற தனிக் கோப்பில் எழுதுங்கள். ரெட்மைன் அதையும் சேர்த்துப் படிக்கும், பின்னாளில் பதிப்பை ஏற்றும்போது உங்கள் வரி அழியாது. ஒன்றும் மாற்றாமலேயே ஒரு ரூபி செயலி திடீரென்று விழுந்தால், முந்தின சில நாளில் எந்த ஜெம் புதிதாக வந்தது என்று பாருங்கள். என்னை மாதிரி சர்வரை அழிக்காதீர்கள்.

புதன்கிழமை, 22ஆம் தேதி, டம்ப் கோப்பை ஏற்றினேன். சுழி எழுத்து நடுவில் வருகிறது, அதை ஏற்க முடியாது என்று மைஎஸ்கியூஎல் மறுத்தது. கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தேன், எழுத்துகளை வேறு விதமாகச் சேமிக்கும் யூடிஎஃப்-16 முறையில் இருந்தது. விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லில் அம்புக்குறி போட்டுக் கொட்டினால் அது அப்படித்தான் எழுதும். யூடிஎஃப்-8 ஆக வேறு பெயரில் சேமித்து ஏற்றினேன். ஏறியது. மைக்ரேஷன் ஓடியது. உள்நுழையும் பக்கம் வந்தது. உள்ளே போனேன், 6,412 வேலைகளும் இருந்தன. நாற்காலியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டேன்.

பிறகு பட்டியலைப் படித்தேன். ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் அப்படியே. தமிழில் எழுதியிருந்த ஒவ்வொரு தலைப்பும் கிரேக்க ஆல்ஃபாவும் இரட்டைக் கொக்கிக் குறியும் மாறி மாறி வரும் சரமாக நின்றது. ஆல்ஃபா, கொக்கி, ஏதோ ஒன்று. ஆல்ஃபா, கொக்கி, ஏதோ ஒன்று. எட்டு வருஷத்துத் தமிழ் முழுதும். கை நடுங்கியது. மச்சானுக்கு அடித்தேன், மறுபடி ஒருமுறை டம்ப் எடுக்க நாளைக்கு வருகிறேன் என்று சொல்ல.

"அந்தப் பெட்டியாடா? அத நேத்தே லோரிக்காரன்கிட்ட போட்டுட்டேன். புது லேமினேட் மெஷின் வந்துச்சு, வைக்க எடம் இல்ல. முப்பது வெள்ளி கொடுத்தான்."

"சூராட் கபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு பழைய பேப்பர், பழைய சாமான் எடுக்க வரும் லோரி. நம்பரும் இல்லை, பெயரும் இல்லை. அடுத்த நாள் விடுமுறை போட்டுவிட்டு மச்சானும் நானும் அக்கம்பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். மூன்றாவது கடையில் ஒரு மூலையில் இருபது முப்பது பெட்டிகள் அடுக்கியிருந்தன. அதில் நம்முடையது இருந்தது. மச்சான் முன்னால் ஒட்டிய பிள்ளையார் ஸ்டிக்கரை வைத்து அடையாளம் கண்டார். பக்கவாட்டுத் தகடு கழற்றியிருந்தது. உள்ளே ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் நாலு திருகு ஓட்டையும் தொங்கும் ஒரு கேபிளும்தான். டிஸ்க்கெல்லாம் காலையிலேயே வேறு ஆளுக்குப் போய்விட்டதாம். காரில் திரும்பும்போது இருவரும் பேசவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம். ஆனால் "எடுத்தாச்சு" என்று சொன்னது நான்தானே.

அன்று இரவு வேறு வழியில்லாமல் அந்த ஆல்ஃபாக்களையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். குப்பையில் ஒரு ஒழுங்கு இருந்தது, அதுதான் என்னைக் காப்பாற்றியது. யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று பைட். முதல் பைட் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றே: 224. இரண்டாவது 174 அல்லது 175. 'த' என்றால் 224, 174, 164. பழைய டாஸ் காலத்து 437 என்ற எழுத்து அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். 224ஆவது இடத்தில் ஆல்ஃபா. 174இல் இடப்பக்கக் கொக்கி, 175இல் வலப்பக்கக் கொக்கி. 164இல் தலைமேல் நெளிகோடு போட்ட ஸ்பானிய எழுத்து. திரையில் 'தைப்பூசம்' இருக்க வேண்டிய இடத்தின் முதல் மூன்று குறியும் அச்சு அசலாக அதுதான். அதாவது டம்ப் கமாண்ட் தமிழைச் சரியாகத்தான் வெளியே தள்ளியிருக்கிறது. நடுவில் நின்ற பவர்ஷெல், அந்தப் பைட்டுகளை 437 அட்டவணை எழுத்துகள் என்று தப்பாக வாசித்து, வாசித்ததை யூடிஎஃப்-16இல் எழுதியிருக்கிறது. எழுத்து எதுவும் தொலையவில்லை. எல்லாம் வேஷம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் திரும்பி நடந்தால் போதும். பென்டிரைவில் முதல் கோப்பு அப்படியே இருந்தது. நோட்பேடில் மாற்றியபோது அதன் மேலேயே சேமிக்காமல் வேறு பெயர் கொடுத்திருந்தேன். ஐகான்வ் என்ற கருவியில் யூடிஎஃப்-16 உள்ளே, 437 வெளியே என்று கொடுத்தேன். வந்த பைட்டுகள் மறுபடி நல்ல யூடிஎஃப்-8. திறந்து பார்த்தால் முதல் திரையிலேயே ஒரு காதணி விழா அழைப்பிதழ், ஒற்று கூடப் பிசகாமல். நள்ளிரவு ஒன்றே கால் மணி. மனைவியை எழுப்பிக் காட்டினேன். "இதுக்கா எழுப்புன?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நீங்கள் விண்டோஸில் டம்ப் எடுப்பதாக இருந்தால் அம்புக்குறியே வேண்டாம். ரிசல்ட் ஃபைல் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது, அதில் கோப்புப் பெயரைக் கொடுத்தால் டம்ப் கமாண்டே நேராக எழுதிவிடும், நடுவில் யாரும் வாசிக்க மாட்டார்கள். எடுத்த கையோடு அங்கேயே கோப்பைத் திறந்து தமிழில் உள்ள ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். அளவு எத்தனை மெகாபைட் என்று பார்ப்பது சோதனை ஆகாது. என் கோப்பும் நல்ல குண்டாகத்தான் இருந்தது. யூடிஎஃப்-16இல் எழுதினால் எதுவும் குண்டாகத்தான் இருக்கும்.

சீனப் புத்தாண்டு விடுமுறையில் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றி, கடைக் கணினிகளிலிருந்து திறக்க வைத்து, பிப்ரவரி 1ஆம் தேதி ஒப்படைத்தேன். பகல் பதினொரு மணிக்கு, கவுண்டரில் இருக்கும் அக்கா கூப்பிட்டார். ஒரு கோயில் கமிட்டிக்காரர் வந்திருக்கிறார், போன வருஷத் தண்ணீர்ப் பந்தல் நோட்டீஸையே தேதி மட்டும் மாற்றி 2,000 பிரதி கேட்கிறார், பழைய டிசைனைக் கிளிக் செய்தால் 404, அதாவது அப்படி ஒன்று இல்லை என்று வருகிறது.

இதுதான் இரண்டாவது தப்பு. ரெட்மைனில் வேலையோடு இணைக்கும் கோப்புகள் டேட்டாபேஸில் இருப்பதில்லை. ஃபைல்ஸ் என்று ஒரு ஃபோல்டரில், வருஷம், மாதம் என்று பிரித்து, டிஸ்க்கில் கிடக்கும். டேட்டாபேஸில் இருப்பது பெயர், அளவு போன்ற குறிப்புகள் மட்டும். ஆகவே பக்கத்தில் கோப்பின் பெயர் அழகாகத் தெரிகிறது, தொட்டால் இல்லை. எட்டு வருஷத்து டிசைன்களும் அந்த நாலு திருகு ஓட்டைக்குள் போய்விட்டன. தைப்பூசம் பிப்ரவரி 11. கையில் பத்து நாள். அந்தப் பருவத்துக்கு வழக்கமாக வரும் பதினாலு கோயில், சங்க நோட்டீஸ்களைப் பழைய அச்சுப் பிரதியைப் பார்த்து முதலிலிருந்து செய்ய ஒரு பகுதிநேர டிசைனருக்கு 1,400 வெள்ளி கொடுத்தோம். பாதியை நான் போட்டேன். மச்சான் வேண்டாம் என்றுதான் சொன்னார், ஆனால் ரொம்ப அழுத்திச் சொல்லவில்லை.

மார்ச் மாதம் கணக்குப் புத்தக அலமாரியில் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் கிடைத்தது. 2021இல் யாரோ அந்த ஃபைல்ஸ் ஃபோல்டரைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள். திறந்து பார்த்த மச்சான், எல்லாம் கெட்டுப்போயிருக்கிறது என்று ஓரமாக வைத்திருக்கிறார், ஏனென்றால் கோப்புப் பெயரெல்லாம் 32 எழுத்தும் எண்ணும் கலந்த கூளம். கெடவில்லை. பெயரில் தமிழ் இருந்தால் ரெட்மைன் டிஸ்க்கில் அப்படித்தான் வைக்கும், முன்னால் தேதி நேரத்தைச் சேர்த்து. உண்மைப் பெயர் டேட்டாபேஸில் இருக்கிறது. நீங்கள் பெயரை மாற்றாமல், அதே வருஷ மாத அடுக்கோடு புதுச் சர்வரின் ஃபைல்ஸ் ஃபோல்டரில் போட்டு, ரெட்மைன் ஓடும் யூசருக்கு அந்த ஃபோல்டரின் உரிமையைக் கொடுத்தால் போதும். 2021 நடுப்பகுதி வரை உள்ள டிசைன்கள் எல்லாம் உயிர் பெற்றன. அதற்குப் பிந்தினவை போனது போனதுதான்.

இப்போது தினமும் விடியற்காலை மூன்று மணிக்கு டேட்டாபேஸ் டம்பும் ஃபைல்ஸ் ஃபோல்டரும் அமைப்புக் கோப்புகளும் சேர்ந்து வேறொரு இடத்துக்குப் போகின்றன. மாதம் ஒருமுறை என் மடிக்கணினியில் அதை ஏற்றிப் பார்த்து, ஒரு தமிழ்த் தலைப்பைப் படித்து, ஒரு டிசைனைத் திறக்கிறேன். பத்து நிமிஷ வேலை.

ஒன்று பாக்கி. ஏப்ரலில் கவுண்டர் அக்கா, சில வேலைகளைப் பதிந்தால் 500 என்ற சர்வர் பிழை வருகிறது என்றார். லாகில் பார்த்தேன். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே ஒட்டுகிறார். கோயில் கமிட்டிச் செய்தி எதுவும் கடைசியில் ஒரு கும்பிடு பொம்மை இல்லாமல் வராது. பழைய டேபிள்களெல்லாம் மைஎஸ்கியூஎல்லின் பழைய யூடிஎஃப்-8இல் இருந்தன. அது ஒரு எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் ஏற்கும். தமிழுக்கு மூன்று போதும், கும்பிடு பொம்மைக்கு நாலு வேண்டும். டேபிள்களை, நாலு பைட் வரை ஏற்கும் யூடிஎஃப்-8 எம்பி4க்கு மாற்றி, அமைப்புக் கோப்பிலும் அதே பெயரைப் போட்டேன். சரியாகிவிட்டது. மாற்றுவதற்கு முன் பேக்கப் எடுத்தேன், இந்த முறை படித்தும் பார்த்தேன்.

அக்காவிடம் காரணத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பெட்டியிலும் இப்படித்தான் அவ்வப்போது பதியாமல் போகுமாம், மச்சான் வந்து கத்துவாராம்.

"அப்ப எட்டு வருஷமா நான் தப்பா அமுக்கலையா தம்பி?"